கொத்தும் கோழியைக் குற்றம் சொல்லுமுன்



அந்தமானிலிருந்து நமக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் இரண்டு சங்கதிகள் இருக்கும். ஒன்று, இதழ் தாமதமாகக் கிடைக்கிறது என்ற புகார். மற்றது, மழை. இந்த மாதம் வந்த கடிதத்தில் மூன்றாவதாகக் கோழியும் சேர்ந்துகொண்டது.

எழுதியவர் டெய்ரி ஃபார்ம் வாசகி ஒருவர். போர்ட் பிளேரில், ஜங்கிலிகாட் பக்கம் இருக்கிற குடியிருப்புப் பகுதி அது. ஊருக்கு 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஆனாலும் வாயில் வருவதென்னவோ பழைய பெயர்தான். டெய்ரி ஃபார்மில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பெயரில் பால்பண்ணை, நம் வாசகி வீட்டில் எட்டுப் பெட்டைக் கோழிகள், ஒரு சேவல்.

எட்டில் ஒரு சாம்பல் நிறக் கோழிக்கு மட்டும் வாலடியில் இறகே இல்லையாம். தோல் சிவந்து, ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். தீனித் தட்டை வைத்ததும் மற்றவை ஓடி வருகின்றன. இது மட்டும் சின்டெக்ஸ் தொட்டிக்கு அடியில் நின்று கழுத்தை நீட்டிப் பார்க்கிறது. எல்லாம் கூட்டில் ஏறிய பிறகு, இருட்டும் நேரத்தில் வந்து சிந்திக் கிடப்பதைப் பொறுக்குகிறது. “கொத்துகிற கோழியை அறுப்பதா, கொத்து வாங்குகிற கோழியை அறுப்பதா? வீட்டில் இரண்டு கட்சி. நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறார்.

இரண்டையும் இப்போதைக்கு அறுக்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். கொல்லையிலோ மாடியிலோ நாலைந்து கோழி வைத்திருக்கிற வாசகர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும் என்பதால்தான் தனிக் கடிதமாக எழுதாமல் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். கோழிகள் கொத்திக்கொள்ளாமல் இருக்காது. தோர்லெய்ஃப் ஷெல்டெரப் எப்பே என்று ஒரு நார்வேக்காரர். சின்னப் பையனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளை உட்கார்ந்து கவனித்து, எது எதைக் கொத்துகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தவர். வளர்ந்து விலங்கியல் படித்து, அந்தக் கவனிப்பையெல்லாம் 1921இல் ஆய்வாக வெளியிட்டார். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு வரிசை உண்டு. முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தும், அடுத்தது முதல் கோழியைத் தவிர மற்றவற்றைக் கொத்தும், கடைசிக் கோழி எல்லோரிடமும் வாங்கும். இன்று அலுவலக அரசியலைப் பேசுகிறவர்கள்கூட ‘பெக்கிங் ஆர்டர்’ என்கிறார்களே, அதன் பிறப்பிடம் அந்தக் கோழிக்கூடுதான். வரிசை எப்போதும் நேர்க்கோடாக இருக்காது என்பதையும் அவர் கவனித்தார். முதல் கோழி இரண்டாவதை அடக்கும், இரண்டாவது மூன்றாவதை அடக்கும், அந்த மூன்றாவது முதல் கோழியையே விரட்டும். நம் குடும்பங்களிலும் இது உண்டு என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

இந்த வரிசைக்கான கொத்து எப்படி இருக்கும்? தலையில், கொண்டையில் சட்டென்று ஒரு கொத்து. வாங்கியது விலகிப் போகும். விஷயம் முடிந்தது. இதில் நாம் தலையிடக் கூடாது. தலையிட்டு அடக்கி வைத்தால் வரிசை முடிவாகாது. மறுநாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

குறுந்தொகையில் 305ஆம் பாடலைப் பாடியவருக்குக் குப்பைக்கோழியார் என்றே பெயர் நின்றுவிட்டது. தூண்டிவிடவும் ஆளில்லாமல், விலக்கிவிடவும் ஆளில்லாமல் குப்பைமேட்டில் கோழிகள் தாமாகச் சண்டையிட்டுத் தாமாக ஓய்வதை உவமையாக்கியவர். அந்தக் காலத்துக் குப்பைமேட்டில் தோற்ற கோழிக்கு ஓட இடம் இருந்தது. நம் வீட்டுக் கம்பிவலைக் கூட்டில் தோற்ற கோழி எங்கே ஓடும்?

வாசகியின் கோழிக்கு நடப்பது வரிசைச் சண்டை அல்ல. வாலடியிலும் முதுகிலும் இறகைப் பிடுங்கி, பல நேரம் பிடுங்கிய இறகைத் தின்றும்விடுகிற இன்னொரு வகை அது. இதில் கோபமே கிடையாது. பிடுங்குகிற கோழியைப் பாருங்கள். கழுத்து இறகு சிலிர்க்காது, சண்டைக்கு நிற்கிற தோரணை இருக்காது. புல்லைக் கிளறுவது மாதிரி சாவகாசமாக, பின்னாலிருந்து ஒவ்வொன்றாக இழுக்கும். கிளறித் தின்ன வேண்டிய ஒரு பறவைக்குக் கிளற ஒன்றும் கிடைக்காதபோது, எதிரே நிற்கிற கோழியின் இறகு தரையாகிவிடுகிறது. நம் கோழிகளின் மூதாதையான காட்டுக்கோழி, விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கும் மேல் தரையைக் கொத்தியும் கிளறியுமே கழிக்கும். நாம் தட்டில் தீனியைக் கொட்டுகிறோம், பத்து நிமிஷத்தில் தின்று முடித்துவிடுகிறது. மீதிப் பொழுதுக்கு அந்த அலகு என்ன செய்யும்?

இங்கேதான் அந்தமான் மழை வருகிறது. அங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரைக்கும் விட்டுவிட்டுப் பெய்யும். கொல்லை சேறாகிவிடும். நாய்க்கும் உடும்புக்கும் பயந்து ஏற்கனவே பாதி நேரம் அடைத்து வைக்கிற கோழிகளை, மழை முழுநேரமும் அடைக்க வைத்துவிடுகிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் பங்க் கிளாஸில் போயிருக்கிறீர்களா? முதல் நாள் முறுக்குப் பொட்டலத்தை நீட்டியவர்களே மூன்றாம் நாள் பக்கத்துக் குழந்தை அழுதால் எரிந்து விழுவார்கள். அவர்களாவது மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்கலாம்.

ஆகவே முதல் கேள்வி இடம். இரவில் மட்டும் அடைகிற கூடு என்றால் கோழிக்கு 2 சதுர அடி போதும். பகலிலும் உள்ளேயே கிடக்க வேண்டும் என்றால் அதைப் போல இருமடங்காவது வேண்டும். அளந்து பாருங்கள். ‘எட்டுக் கோழிக்குத் தாராளம்’ என்று கண்ணால் பார்த்துச் சொன்ன கூடு, டேப் வைத்தால் நாலு கோழிக்கு ஆன கதையாகத்தான் பெரும்பாலும் முடியும். கூட்டைப் பெரிதாக்க வழியில்லையா? கூட்டுக்கு வெளியே நாலு கம்பு நட்டு, பழைய தகரமோ தார்ப்பாயோ போட்டு, மழை நனைக்காத ஒரு தாழ்வாரம் இழுத்துவிடுங்கள். அதன் கீழே ஒரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டி வையுங்கள். கோழி அதில் புரண்டு குளிக்கும். கோழிப்பேனும் குறையும். பேன் அரிப்பில் தன் இறகைத் தானே கொத்திக்கொண்டு, அதில் ரத்தம் வந்து, பிறகு மற்றவை சேர்ந்துகொள்வதும் நடக்கிறது.

தரையில் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த தேங்காய் நாரோ மர இழைப்புச் சீவலோ பரப்பினால் கிளறுவதற்கு வேலை கிடைக்கும். 1883இலிருந்து மரம் அறுக்கிற சாத்தம் மில் இருக்கிற ஊரில் மரச் சீவல் கிடைக்காமல் போகாது. தேங்காய் மட்டைக்கும் பஞ்சமில்லை. தானியத்தில் ஒரு பிடியைத் தட்டில் போடாமல் இந்தச் சீவலுக்குள் வீசுங்கள். முருங்கைக் கொத்து, கீரைக்கட்டு, அரிந்த பப்பாளி எதுவானாலும் கோழியின் தலை உயரத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆடுகிற கீரையை எட்டி எட்டிக் கொத்துகிற கோழிக்கு அடுத்த கோழியின் வால் நினைவுக்கு வராது. காசு செலவில்லாத வைத்தியம் இதுதான், உடனே பலன் தெரிவதும் இதில்தான்.

அடுத்தது தீனி. இதில் அந்தமான் வீடுகளின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. மூட்டைத் தீவனம் மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வரவேண்டும். கப்பல் தாமதமானால் கடைக்காரர் கையை விரிப்பார், இருந்தாலும் விலை ஏறியிருக்கும். என்ன செய்வார்கள்? சோறு, நொய், தேங்காய்த் துருவல் என்று வீட்டில் இருப்பதைப் போடுவார்கள். வயிறு நிறையும். முட்டையிடுகிற கோழிக்குத் தீனியில் 16 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டும். அரிசியில் இருப்பது 7, 8 சதவீதம்தான். இறகோ கிட்டத்தட்ட முழுக்க முழுக்கப் புரதம். புரதத்துக்கு ஏங்குகிற கோழி பக்கத்துக் கோழியின் இறகைத் தின்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? இறகு உதிர்ந்து முளைக்கிற காலத்தில் இந்த ஏக்கம் இன்னும் கூடும். புதிதாக முளைக்கிற இறகின் அடியில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் பிடுங்கினால் உடனே புண்ணும் ஆகும்.

ஜங்கிலிகாட்டில் மீன் இறங்குகிற ஊரில் புரதத்துக்குக் கப்பலை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மீன்தலை, குடல், செதில் எல்லாவற்றையும் நன்றாக வேகவைத்து, முள்ளை மசித்து, தவிட்டோடு பிசைந்து வைக்கலாம். பேத்தை மீன் கழிவு மட்டும் வேண்டவே வேண்டாம், அது விஷம். தினமும் அளவுக்கு மீறிக் கொடுத்தால் முட்டையில் கவிச்சி அடிக்கும், அதனால் தீனியில் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உப்புக் கருவாட்டை அப்படியே போடாதீர்கள். தீனியில் உப்பு குறைந்தாலும் கோழி கொத்தும், கூடினால் செத்தே போகும். மழைக்காலத்தில் தோட்டத்தை மொட்டையடிக்கிற ஆப்பிரிக்க நத்தை இருக்கிறதே, அதையும் வேகவைத்து ஓடு நீக்கிப் போடலாம். பச்சையாகப் போடக் கூடாது, வெறுங்கையால் எடுக்கவும் கூடாது. அதில் மனிதருக்குத் தொற்றும் புழு உண்டு. தமிழ்நாட்டு வாசகர்கள் புரதத்துக்குக் கடலைப் புண்ணாக்கையும் அசோலாவையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தீனித் தட்டு ஒன்றே ஒன்றாக இருந்தால், அதன் முன்னால் முதல் கோழி காவல் நின்றுவிடும். இரண்டு தட்டு வையுங்கள். ஒன்றின் முன்னால் நிற்கிற கோழிக்கு மற்றது கண்ணில் படாதபடி, கூட்டின் மறுபக்கத்தில் வையுங்கள். தண்ணீருக்கும் இதே ஏற்பாடு. சாம்பல் நிறக் கோழிக்கு இருட்டும் வரை காத்திருக்கும் அவசியம் இராது.

முட்டையிடும் இடத்தையும் கவனியுங்கள். நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி, அதுவும் இருட்டாக, மறைவாக. முட்டை வெளியே வரும் அந்தச் சில நொடிகளில் உள்சதை சிவப்பாக வெளியே தெரியும். வெளிச்சத்தில் பத்துக் கண் பார்க்க முட்டையிட்டால் யாராவது ஒருத்தி அங்கே கொத்துவாள். வாலடிப் புண் பல நேரம் இப்படித்தான் தொடங்குகிறது. மழைக் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று ராத்திரி முழுக்கப் பளிச்சென்று பல்ப் எரிய விடுகிறவர்களும் உண்டு. வளர்ந்த கோழிக்கு அது தேவையே இல்லை. வெளிச்சம் கூடக்கூடக் கொத்தும் கூடும்.

சிவப்பைக் கண்டால் கோழிக்கு அலகு நிற்காது என்பது உலகம் முழுக்க அறிந்த சங்கதி. அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஜாக்சன் என்ற டென்னசி மாநிலத்துக்காரர் கோழிக்குக் கண்ணாடி மாட்டிக் கண்ணைக் காப்பாற்ற 1903இல் காப்புரிமையே வாங்கியிருக்கிறார். பின்னால் சிவப்புக் கண்ணாடி போட்டார்கள். எல்லாமே சிவப்பாகத் தெரிந்தால் ரத்தம் தனியாகத் தெரியாதாம். 1980களில் கோழிக்குச் சிவப்பு கான்டாக்ட் லென்ஸ் விற்கவும் ஒரு கம்பெனி கிளம்பியது. நாமக்கல் பக்கத்துப் பெரிய பண்ணைகளில் குஞ்சாக இருக்கும்போதே அலகு நுனியைச் சுட்டுக் குறைத்துவிடுகிறார்கள். கூண்டில் அடைத்து வளர்க்கும் முறைக்கு அவர்கள் கண்ட வழி அது. வீட்டில் நகவெட்டியை எடுத்துக்கொண்டு அந்த வேலைக்குப் போகாதீர்கள். அலகின் நுனியில் உணர்ச்சி உண்டு, வலிக்கும். மேய்ந்து தின்கிற கோழிக்கு அதுதான் கையும் கரண்டியும்.

இப்போது புண்பட்ட கோழி. ரத்தம் கண்டதும் அதே நிமிஷம் பிரியுங்கள். ‘சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் சாயங்காலம் கோழி இருக்காது. புண்ணை வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். கசப்புக்கும் நாற்றத்துக்கும் மற்றவை கிட்ட வராது, ஈயும் மொய்க்காது. அந்த ஈரக் காற்றில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காதீர்கள், கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஜென்சியன் வயலட்டும் நல்லதுதான், சிவப்பை ஊதாவாக மறைத்துவிடும்.

பிரித்து வைப்பது என்றால் கண்காணாத இடத்தில் அல்ல. வீட்டில் பஞ்சாரம் இருந்தால் மற்றக் கோழிகள் மேய்கிற இடத்திலேயே அதைக் கவிழ்த்து அதற்குள் விடுங்கள். ஒரு வாரம் கண்ணில் படாமல் போய்விட்டுத் திரும்பி வந்தால், சொந்தக் கூட்டத்துக்கே அது அந்நியக் கோழி. புதிதாக வாங்கி வருகிற கோழிக்கும் இதே வழி: ஒரு வாரம் வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பார்த்துப் பழகட்டும், பிறகு ராத்திரி எல்லாம் அடைந்தபின் உள்ளே விடுங்கள். ஒன்றாக வாங்காமல் இரண்டு மூன்றாக வாங்குங்கள், வாங்கும் கொத்து பங்கு பிரியும். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது தாய்க்கோழிக்குத்தான் பொருந்தும். தாயில்லாமல் வாங்கி வந்த குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு விட்டுவிட்டு அந்தப் பழமொழியை நம்பாதீர்கள்.

கொத்துகிற கோழி எது என்று தெரிந்தால், அதைத்தான் நாலைந்து நாள் தனியாக, கூட்டத்தின் கண்ணில் படாமல் வைக்க வேண்டும். திரும்பி வரும்போது அதன் பழைய இடம் போயிருக்கும். கொஞ்சம் அடக்கத்தோடு நடந்துகொள்ளும். பாதிக்கப்பட்டவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடித்தவரை அங்கேயே விட்டு வைப்பது நம் ஊர்ப் பஞ்சாயத்து வழக்கம். கோழிக்கூட்டிலாவது அதை மாற்றிப் பார்க்கலாமே.

சேவலையும் ஒருமுறை சந்தேகியுங்கள். முதுகில் இரண்டு பக்கமும் சீராக இறகு தேய்ந்திருந்தால் அது கொத்து அல்ல, சேவல் மிதித்த தடம். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் சரியான கணக்கு. நல்ல சேவல் பெட்டைகளின் சண்டையை நடுவில் புகுந்து கலைக்கவும் செய்யும். இன்னொரு சேவல் வளர்ந்துவிட்டால் இடம் மாற்றிவிடுங்கள். அசீல் ரத்தம் கலந்த பெருவிடைக் குஞ்சுகள் வைத்திருக்கிற மதுரை, திண்டுக்கல் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அவை இளம் பருவத்திலேயே சண்டைக்கு நிற்கும், சேவலைத் தனித்தனியாகக் கட்டி வளர்ப்பது தவிர வழியில்லை.

அந்தமானில் கோழி தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் யோசிக்கலாம். போர்ட் பிளேரை அடுத்த கராச்சர்மாவில் 1978இலிருந்து இயங்குகிற மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், குட்டைக் காலுள்ள நிக்கோபாரிக் கோழியைப் பல காலமாகப் பாதுகாத்து வருகிறது. இந்திய நாட்டுக்கோழி இனங்களில் நன்றாக முட்டையிடுபவற்றில் அது ஒன்று. அதன் கலப்பில் நிகோராக், நிஷிபாரி என்ற கோழிகளையும் உருவாக்கியிருக்கிறார்கள். ஹைதராபாத்தில் உருவான வனராஜா கோழியும் தீவுகளில் உண்டு. எதை வாங்கினாலும் ஒரே வயதில், ஒரே அளவில் வாங்குங்கள். கனத்த வனராஜாவோடு ஒரு குட்டைக்கால் கோழியை விட்டால் தட்டருகே யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, வாசகி வீட்டு இரண்டு கட்சிகளுக்கும் என் தீர்ப்பு: கூட்டை விரித்து, தீனியைச் சரிசெய்து, ஒரு மாதம் பாருங்கள். இறகு திரும்ப முளைக்கச் சில வாரம் பிடிக்கும். பெரும்பாலும் கொத்து நின்றுவிடும். எல்லாம் செய்த பிறகும் ஒரே ஒரு கோழி ரத்தம் பார்த்தே தீருவேன் என்று நின்றால், அந்தப் பழக்கத்தை மற்றவையும் பார்த்துக் கற்றுக்கொள்ளும். அதைக் குழம்பு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சைவ வாசகர்கள் மன்னிக்கவும். நீங்கள் அதைத் தனியாகக் கட்டி வளர்க்கலாம்.

தீவு வாசகர்கள் மே மாத மழை பிடிக்குமுன் தாழ்வாரத்தை இழுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் ஐப்பசி அடைமழைக்கு முன்னால் அதே வேலை. எந்தத் தீனி, எந்த ஏற்பாடு உங்கள் வீட்டில் பலித்தது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்; அடுத்தடுத்த இதழ்களில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்